தூரத்தை அளந்த சிற்பி: பர்த்தோல்டியின் ஊர்களில் ஒரு பயணம்

புதன், கொல்மார்

பிரான்சின் கிழக்கு எல்லை நகரமான ஸ்த்ராஸ்பூரிலிருந்து தெற்கே அரை மணி நேர ரயில் பயணத்தில் இருக்கிறது கொல்மார். மரச்சட்டமிட்ட வண்ண வீடுகளையும் வாய்க்கால் ஓரத்துப் பூத்தொட்டிகளையும் படமெடுக்க வரும் கூட்டத்தில் பலர், நகரின் வடக்குப் பக்கத்துச் சாலை வட்டத்தில் நிற்கும் பச்சை நிறச் சுதந்திர தேவியைப் பார்த்த பிறகுதான் இந்த ஊருக்கும் அந்தச் சிலைக்கும் உள்ள உறவை அறிந்துகொள்கிறார்கள். 12 மீட்டர் உயரமுள்ள அந்த நகல், மூலச் சிலையைச் செய்த சிற்பி மறைந்து நூறாண்டுகள் நிறைந்ததையொட்டி 2004-இல் நிறுவப்பட்டது. பிரெதெரிக் ஒகுஸ்த் பர்த்தோல்டியை நியூயார்க் துறைமுகத்துச் சிலை ஒன்றுக்குள் அடைத்துவிட்ட உலகத்துக்கு, அவருடைய மற்ற வேலைகள் பிரான்சின் தெருக்களிலும் மலைச்சரிவிலும் இருப்பது பெரிதாகத் தெரியாது. அவற்றை வரிசையாகப் பார்ப்பதே இந்தப் பயணத்தின் நோக்கம்.

அவர் 1834 ஆகஸ்ட் 2 அன்று பிறந்த வீடு, மார்ஷான் தெருவில் 30-ஆம் எண்ணில் இருக்கிறது. தந்தை இறந்தபோது அவருக்கு இரண்டு வயது. தாய் ஷார்லோத் இரு மகன்களையும் அழைத்துக்கொண்டு பாரிஸுக்குக் குடிபெயர்ந்தாலும் கொல்மார் வீட்டை விற்கவில்லை. பாரிஸில் ஓவியர் ஆரி ஷெஃபரிடம் தூரிகை பிடிக்கக் கற்றவரைச் சிற்பத்தின் பக்கம் திருப்பியதும் அந்த ஓவியரே என்பார்கள். பின்னாளில் சிற்பியின் மனைவி இந்த வீட்டை நகரத்துக்கு எழுதிவைத்தார். 1922 முதல் இது அருங்காட்சியகம்.

முற்றத்தில் நுழைந்ததும், மூன்று உருவங்கள் உலக உருண்டையைத் தூக்கிப் பிடித்திருக்கும் வெண்கலச் சிலை நிற்கிறது. நீதி, உழைப்பு, தாய்நாடு ஆகிய மூன்றுமே உலகைத் தாங்குகின்றன என்பது கருத்து. 1902-இல், இறப்பதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் செய்தது. எனக்கு இது பிடிக்கவில்லை என்பதை மறைப்பானேன்? குறுகிய முற்றத்தில் நான்கடி தள்ளி நின்று பார்க்கும்போது, தசைகள் எல்லாம் பாடநூல் படத்தைப் போல அளவாகவும் உயிரற்றும் தெரிகின்றன. ஒவ்வொரு அறையிலும் இருக்கும் சிறு மாதிரிகளைப் பார்க்கும்போதும் இதே எண்ணம் தொடர்ந்தது. அதே காலத்துப் பிரெஞ்சுச் சிற்பி கார்போவின் களிமண்ணில் விரல் பதிந்த இடம்கூடத் துடிக்கும். பர்த்தோல்டியின் கையில் அந்தத் துடிப்பு இல்லை.

ஆனால் மேல்தளத்தில் ஒரு காது இருக்கிறது. சுதந்திர தேவியின் காதுக்காக முழு அளவில் வார்த்த சுதை மாதிரி அது. ஒரு குழந்தை அதன் மடலுக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளலாம். அருகில் சென்றால் அது காதாகவே தோன்றுவதில்லை. வளைந்த வரப்பு, ஆழமான பள்ளம், மீண்டும் ஒரு வரப்பு என்று வயல்வெளியைப் போல விரிகிறது. நுணுக்கமான கோடு எதுவும் இல்லை. அறையின் எதிர்ச்சுவர் வரை பின்வாங்கிப் போனபோதுதான் வரப்புகளில் நிழல் விழுந்து காது உருவானது. பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்காக இதைச் செய்யவில்லை. துறைமுகத்தில் நுழையும் கப்பலின் மேல்தட்டில் நிற்பவருக்காகச் செய்திருக்கிறார். முற்றத்துச் சிலையைப் பற்றிய என் எரிச்சல் இங்கேதான் சற்றுத் தணிந்தது. சிற்பிகளுள் சிலர் கல்லைச் செதுக்குவதில் தேர்ந்தவர்கள்; இவரோ ஒரு பொருள் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப்பட வேண்டும் என்று கணக்கிடுவதில் தேர்ந்தவர் என்ற ஐயம் எழுந்தது. இனி வரும் ஊர்களில் அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கை அவர் எங்கே கற்றார் என்பதற்கும் வீட்டிலேயே விடை கிடைக்கிறது. 1855-56-இல் ஓவியர் ஜெரோமும் பிறரும் சேர்ந்து சென்ற எகிப்துப் பயணத்தில் இளைஞர் பர்த்தோல்டியும் இருந்தார். ஏமன் வரை போனார். வரைந்தார், நீர்வண்ணம் தீட்டினார், அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த ஒளிப்படக் கருவியையும் சுமந்து சென்றார். ஏமனைக் காட்டும் தொடக்ககால ஒளிப்படங்களுள் அவர் எடுத்தவையும் உண்டு. பண்டைய எகிப்து நகரமான தேபஸின் மாபெரும் கற்சிலைகள் அவரை ஆட்கொண்டன. சூயஸ் கால்வாயின் நுழைவாயிலில், விளக்கேந்திய எகிப்தியக் குடியானவப் பெண்ணின் உருவில் ஒரு கலங்கரை விளக்கம் எழுப்பலாம் என்று 1860-களின் பிற்பகுதியில் எகிப்தின் ஆட்சியாளர் இஸ்மாயில் பாஷாவிடம் அவர் கேட்டார், கிடைக்கவில்லை. அந்தத் திட்டத்துக்காகச் செய்த சுடுமண் மாதிரிகளும் இந்த அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானவை. முக்காடிட்ட பெண், உயர்த்திய கை, கையில் ஒளி. நியூயார்க் சிலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று அவர் கடைசிவரை மறுத்தார். மாதிரிகளைப் பார்த்தவர்கள் அந்த மறுப்பை நம்புவது கடினம்.

வியாழன், கொல்மார்

இன்று முழுவதும் நடை. ஊரின் நடுவே நிற்கும் தளபதி ராப், பர்த்தோல்டிக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் பெரிய சிலை. கொல்மாரில் பிறந்து நெப்போலியனின் படையில் உயர்ந்தவர் ராப். சொந்த ஊர் அவருக்கு நினைவுச் சின்னம் கேட்டபோது சிற்பிக்கு இருபது வயதைச் சுற்றித்தான் இருக்கும். 1855-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு அனுப்பப்பட்ட அந்தச் சிலை, உயரம் மிகுதியால் மண்டபத்துக்குள் அடங்காமல் வெளியே நிறுத்தப்பட்டது. உள்ளே இருந்தவற்றைவிட வெளியே நின்றதைத்தான் போகிறவர் வருகிறவர் அனைவரும் பார்த்தார்கள். இளைஞருக்கு அது நல்ல பாடமாக இருந்திருக்க வேண்டும்.

பக்கத்துப் பூங்காவில், 1864-இல் அவர் அமைத்த கடற்படைத் தளபதி புருவாவின் நீரூற்று இருக்கிறது. அதன் அடியில் அமர்ந்திருந்த ஆப்பிரிக்க மனிதனின் சோகம் தோய்ந்த உருவத்தைச் சிறுவயதில் மீண்டும் மீண்டும் வந்து பார்த்ததாகப் பின்னாளில் எழுதியவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். பக்கத்து ஊரான கைசர்ஸ்பர்கில் பிறந்த அவர், 1913-இல் ஆப்பிரிக்காவின் லம்பரேனேக்கு மருத்துவராகச் சென்றதற்கு அந்தக் கல்முகமும் ஒரு காரணம். ராப், புருவா இரண்டையும் 1940-இல் நாஜிகள் தகர்த்தார்கள். ராப் 1948-இல் மீண்டும் எழுந்தார். நீரூற்று 1958-இல் வேறு வடிவில் கட்டப்பட்டது. உடைபட்ட பழைய சிலைகளின் தலைகள் நேற்றுப் பார்த்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த ஆப்பிரிக்கனின் முகத்தில் மட்டும், நேற்று இல்லை என்று நான் சொன்ன அந்தத் துடிப்பு இருக்கிறது என்பதையும் நியாயமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சந்தைக் கட்டடத்தின் மூலையில் சிறு பீப்பாயை அண்ணாந்து குடிக்கும் சிறுவன், பழைய சுங்கச்சாவடிக்கு முன் திராட்சைக் கொடியை உயர்த்திப் பிடித்திருக்கும் பதினாறாம் நூற்றாண்டுத் தளபதி ஷ்வெண்டி என்று சிலைகள் தொடர்கின்றன. ஹங்கேரியிலிருந்து தொக்காய் என்ற திராட்சைக் கொடியைக் கொண்டுவந்தவர் ஷ்வெண்டி என்பது ஊர்க்கதை. வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை, திராட்சை விவசாயிகள் விடுவதில்லை.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது ரோசல்மான் நீரூற்று. 1262-இல் ஸ்த்ராஸ்பூர் ஆயரின் படையிடமிருந்து நகரைக் காக்கப் போரிட்டு மாண்ட நகரத் தலைவர் அவர். சிலை நிறுவப்பட்ட ஆண்டு 1888. அந்த ஆண்டில் கொல்மார் பிரான்சில் இல்லை. 1870-இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் பிரான்ஸ் தோற்றதும், 1871 மே மாதத்து ஃபிராங்க்ஃபர்ட் உடன்படிக்கைப்படி கொல்மார் இருக்கும் அல்சாஸ் பகுதி ஜெர்மானியப் பேரரசுடன் சேர்க்கப்பட்டது. பர்த்தோல்டி அந்தப் போரில் கொல்மாரின் தேசியக் காவல் படையில் நின்றவர். பிறகு இத்தாலியப் போராளி கரிபால்டியின் தலைமையில் இயங்கிய வோஜ் படையிலும் பணியாற்றினார். பிறந்த ஊர் வெளிநாடாகிவிட்ட நிலையில், தாய் மட்டும் அதே ஊரில் இருந்தார். அந்த ஊரின் நடுவில், ஜெர்மானிய அதிகாரிகளின் கண்ணெதிரே, இடைக்காலத்து வீரர் ஒருவரின் சிலையை வைத்துவிட்டு, அதற்கு எர்க்யூல் த பெய்ரிமோஃபின் முகத்தைக் கொடுத்தார் சிற்பி. யார் அவர் என்றால், ஜெர்மானிய ஆட்சி பதவியிலிருந்து நீக்கிய கொல்மார் நகரத் தந்தை. உள்ளூர்க்காரருக்கு மட்டும் புரியும்படி எதிர்ப்பைத் தெரிவிக்க இதைவிடச் சாதுரியமான வழி இருக்க முடியாது. இங்கே சிலை உயரமானதன்று. சிறு சதுக்கத்தில், முகம் அடையாளம் தெரியும் தொலைவில் நிற்கிறது. முகம் தெரிந்தால்தானே காரியம் நடக்கும்.

வெள்ளி, பெல்ஃபோர்

மியூலூஸில் வண்டி மாறி, முற்பகலில் பெல்ஃபோர் சேர்ந்தேன். ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலத்தை நோக்கி நடக்கும்போதே, கோட்டைக்குக் கீழே பாறையின் மேல் சிங்கம் தெரிந்துவிட்டது.

1870 நவம்பர் 3 முதல் 103 நாட்கள் பெல்ஃபோர் கோட்டை முற்றுகையைத் தாங்கியது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் செப்டம்பரிலேயே சரணடைந்திருந்தார். பாரிஸ் ஜனவரியில் பணிந்தது. கோட்டைத் தளபதி கர்னல் தாம்ஃபேர்-ரொஷ்ரோ மட்டும், அரசே உத்தரவிட்ட பிறகுதான், 1871 பிப்ரவரியில் தம் படையுடன் ஆயுதம் தாங்கியபடி கோட்டையை விட்டு வெளியேறினார். அல்சாஸ் முழுவதும் பறிபோனபோது பெல்ஃபோர் பிரான்சிடமே தங்கியதற்கு இந்த முற்றுகை முக்கியக் காரணம். மாண்டவர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டுமென்று நகராட்சி கேட்டபோது, பர்த்தோல்டி வெற்றி வீரனையோ மாலை சூடும் தேவதையையோ தரவில்லை. மூலைக்குத் துரத்தப்பட்டும் முன்னங்கால்களை ஊன்றி எழுகிற சிங்கத்தைத் தந்தார். நீளம் 22 மீட்டர். உயரம் 11 மீட்டர். வோஜ் மலையின் சிவப்பு மணற்கல்லைத் துண்டு துண்டாகச் செதுக்கி, சாம்பல் நிறச் சுண்ணப்பாறையின் முன் அடுக்கியிருக்கிறார். வேலை 1880-இல் முடிந்தது.

கட்டணம் செலுத்தினால் சிங்கத்தின் காலடி மேடை வரை போகலாம். அங்கே நின்றால் தெரிவது கற்சுவர்தான். என் முழங்கை நீளத்துக்கும் பெரிய கற்கள், அவற்றுக்கிடையே ஓடும் பூச்சுக் கோடுகள், மழைநீர் வழிந்து கறுத்த தாரைகள். பாதத்தின் நகம் எது, கல்லின் விளிம்பு எது என்று பிரித்தறிவதற்கே நேரம் பிடிக்கிறது. பிடரி மயிர் என்பது படிக்கட்டைப் போலத் தடிமனாக வெட்டிய வரிகள். பாதத்துக்குக் கீழே ஓர் அம்பு கிடக்கிறது. மேடையில் ‘பெல்ஃபோரின் காவலர்களுக்கு, 1870–1871’ என்று பொறித்திருக்கிறார்கள்.

பிறகு கீழே இறங்கி, பழைய நகரின் சதுக்கத்தில் போய் அமர்ந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து விழுந்தபோது, மேலே நான் பார்த்த தடித்த வரிகள் எல்லாம் நிழல் கோடுகளாகி, கழுத்தின் இறுக்கமும் நெற்றியின் சுருக்கமும் தனித்தனியே எழுந்தன. பின்னால் உள்ள பாறை வெளிறிப்போக, சிங்கம் மட்டும் சிவந்தது. கற்கள் வந்த இடம், நிறம், வெயில் விழும் திசை, ஊர்மக்கள் அன்றாடம் நடமாடும் சதுக்கத்திலிருந்து உள்ள தூரம் ஆகிய அனைத்தையும் ஒருவர் முன்கூட்டியே கணக்கிட்டிருந்தால் மட்டுமே இது நடக்கும். நான் கொல்மாரில் கொண்ட ஐயம் இங்கே உறுதிப்பட்டது. அவருடைய வேலைகளில் முதலிடம் எதற்கு என்று கேட்டால், நியூயார்க்கைத் தள்ளிவிட்டுப் பெல்ஃபோர் என்றே சொல்வேன்.

சிங்கம் ஜெர்மனியின் பக்கம் பார்க்கவில்லை. கிழக்குக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்க்கிறது. ஜெர்மானியர்களின் ஆட்சேபத்தால் திருப்பி வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அரசியல் காரணம் எதுவாயினும், ஊருக்கு முகம் காட்டுவதே சிலைக்கு நன்மையாக முடிந்திருக்கிறது.

சனி, பாரிஸ்

காலை அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் பாரிஸ். நேரே மோன்சோ பூங்காவுக்கு அருகிலுள்ள ஷசேல் தெருவுக்குப் போனேன். 25-ஆம் எண்ணில் இருந்த காழே-கொத்தியே பட்டறையில்தான் சுதந்திர தேவி உருவானாள். இப்போது அங்கே பட்டறை இல்லை. சாதாரணக் குடியிருப்புத் தெரு. 1884-இல் இந்தத் தெருவின் ஆறுமாடிக் கூரைகளுக்கு மேல் ஒரு செப்புப் பெண் இடுப்பளவு உயர்ந்து நின்றாள் என்பதை எண்ணிக்கொண்டு நடப்பதே இங்கே பார்க்க வேண்டியது. முதிய எழுத்தாளர் விக்தோர் யூகோ அவ்வாண்டு நவம்பரில் வந்து பார்த்துப் போனார்.

செய்முறையைப் புரிந்துகொள்ளத் தொழில்நுட்ப அருங்காட்சியகமான ஆர்-ஏ-மெத்தியேவுக்குப் போக வேண்டும். பழைய மடாலயக் கோயிலுக்குள், 2.85 மீட்டர் உயரமுள்ள சுதை மாதிரி நிற்கிறது. இது இறுதிச் சிலையின் பதினாறில் ஒரு பங்கு. இதை நான்கு மடங்காக்கி, அதைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் மீண்டும் நான்கு மடங்காகப் பெருக்கினார்கள். முழு அளவில் மரச்சட்டங்களின் மேல் சுதை பூசி உருவம் எழுப்பி, அந்தச் சுதையின் மேல் மர அச்சுகளைப் பொருத்தி, அச்சுக்குள் செப்புத் தகட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து வளைத்தார்கள். நம் கோயில்களில் மூலவருக்குக் கவசம் அடிக்கும் கைவேலையை ஒரு நகரத் தெருவின் அளவுக்குப் பெருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. ஏறத்தாழ 300 தகடுகள்; தடிமன் 2.4 மில்லிமீட்டர்தான். செம்பின் மொத்த எடை சுமார் 28 டன்.

இவ்வளவு மெல்லிய தோல் 46 மீட்டர் உயரத்தில் கடற்காற்றைத் தாங்க வேண்டும். முதலில் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் வியோலே-லெ-தூக், இடுப்பு வரை அறைகள் கட்டி மணல் நிரப்ப எண்ணியிருந்தார். 1879-இல் அவர் இறந்ததும் வேலை குஸ்தாவ் ஈஃபெலிடம் வந்தது. அவரும் அவருடைய பொறியாளர் மொரிஸ் கெக்லனும் நடுவில் இரும்புக் கோபுரம் ஒன்றை நிறுத்தி, அதிலிருந்து வளையும் தன்மையுள்ள பட்டைகளால் தோலைத் தாங்கச் செய்தார்கள். வெப்பத்தில் செம்பு விரியலாம், காற்றில் சிறிது அசையலாம்; கிழியாது. இரும்பும் செம்பும் ஒன்றையொன்று தொட்டால் உப்புக் காற்றில் இரும்பு அரிக்கும் என்பதை அறிந்து இடையில் கல்நார் வைத்தார்கள். அது நாளடைவில் வீணாகி, 1980-களின் சீரமைப்பில் பட்டைகளைத் துருப்பிடிக்காத எஃகினால் மாற்ற நேர்ந்தது.

பணம் திரட்டிய கதையும் இந்த மாதிரியைப் போலவே துண்டு துண்டானது. சட்ட அறிஞர் லபூலே தலைமையில் பிரான்சில் நன்கொடையும் பரிசுச்சீட்டும். 1876-இல் தீபமேந்திய கையை மட்டும் பிலடெல்பியா கண்காட்சிக்கு அனுப்பி, கட்டணம் வாங்கி மேலே ஏற்றினார்கள். 1878-இல் தலையை மட்டும் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள். பீடத்துக்கு அமெரிக்காவில் பணம் முடங்கியபோது, பத்திரிகை அதிபர் புலிட்சர் சில்லறைக் காசுகளாக ஒரு லட்சம் டாலர் சேர்த்தார். 214 பெட்டிகளில் ஏறிய சிலை 1885 ஜூன் 17 அன்று நியூயார்க் சேர்ந்தது. 1886 அக்டோபர் 28 திறப்பு விழாவில், முகத்தை மூடிய கொடியை இழுக்கச் சிற்பி தலைக்குள் காத்திருந்தார். கீழே செனட்டர் எவார்ட்ஸ் பேச்சின் நடுவே மூச்சு வாங்கியதை முடிவு என்று எண்ணி, பர்த்தோல்டி கொடியை விழச் செய்துவிட்டார். துறைமுகம் முழுவதும் பீரங்கியும் சங்கும் முழங்க, செனட்டரின் மிச்சப் பேச்சு காற்றோடு போயிற்று.

ஞாயிறு, பாரிஸ்

தாம்ஃபேர்-ரொஷ்ரோ சதுக்கத்தில் பெல்ஃபோர் சிங்கத்தின் மூன்றில் ஒரு பங்கு நகல், செப்பில், கார்கள் சுற்றிவரும் இடத்தில் அமர்ந்திருக்கிறது. பாறை இல்லை, கோட்டை இல்லை. அழகான சிங்கம், அவ்வளவே. பாரிஸ்வாசிகள் இதன் அருகில்தான் சந்திப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

கொலேஜ் த பிரான்ஸ் என்ற உயர்கல்வி நிறுவனத்தின் முற்றத்தில் இருக்கும் ஷம்போலியோன் சிலையைக் கம்பிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்தேன். எகிப்திய எழுத்தின் புதிரை அவிழ்த்த அறிஞர், எகிப்திய மன்னனான பாரோவின் உடைந்த சிலைத் தலைமேல் ஒரு காலை ஊன்றிச் சிந்தனையில் ஆழ்ந்திருக்கிறார். 1875-இல் பளிங்கில் செய்தது. எகிப்தியர்கள் அண்மை ஆண்டுகளில் இதைக் கண்டித்ததில் வியப்பில்லை. இளவயதில் நைல் கரையின் சிலைகள் முன் மலைத்து நின்ற ஒருவர் இந்தக் காலை எப்படி அங்கே வைத்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. எழுதுமேசை அளவு தூரத்தில் மனித மனத்தைக் காட்ட வேண்டிய வேலை இது. அதற்கு அவர் பொருத்தமானவர் அல்லர்.

மாலையில் சேன் நதியின் நடுவே ஸ்வான் தீவின் முனைக்கு நடந்தேன். பாரிஸில் வாழ்ந்த அமெரிக்கர்கள் 1889-இல் அன்பளித்த சிறிய சுதந்திர தேவி அங்கே நிற்கிறாள். முதலில் கிழக்கே, ஈஃபெல் கோபுரத்தின் பக்கம் பார்த்தவளை 1937-இல் மேற்கே திருப்பினார்கள். 11 மீட்டரும் சொச்சமும் உயரம். பாலத்திலிருந்து பார்க்கும்போது கச்சிதமாக இருக்கிறாள். படகில் வருகிறவர்களுக்கு இன்னும் நன்றாக இருப்பாள். பர்த்தோல்டி 1904 அக்டோபர் 4 அன்று காச நோயால் இறந்தார். மோன்பர்னாஸ் இடுகாட்டில் அடக்கம். கொல்மார் பிரான்சுக்குத் திரும்ப மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

திங்கள், லியோன்

என் கருத்துக்கு எதிர்ச்சாட்சி ஒன்று லியோனின் தெரோ சதுக்கத்தில் இருப்பதால் தெற்கே வந்தேன். நான்கு குதிரைகள் இழுக்கும் தேரில் ஒரு பெண் அமர்ந்திருக்கும் ஈய நீரூற்று. எடை 21 டன். இது லியோனுக்காகச் செய்யப்பட்டதே அன்று. 1857-இல் பொர்தோ நகரம் நடத்திய போட்டிக்காக, கடலை நோக்கிப் பாயும் கரோன் ஆற்றையும் அதன் கிளைகளையும் மனத்தில் வைத்து வரைந்தது. பொர்தோ எடுத்துக்கொள்ளவில்லை. 1889 பாரிஸ் கண்காட்சியில் பார்த்த லியோன் மறு ஆண்டே வாங்கி, 1892-இல் நிறுவியது. அதன் பிறகும், 1990-களில் சதுக்கத்தைப் புதுப்பித்தபோது இடம் மாற்றினார்கள். இடத்தைக் கணக்கிட்டுத்தான் இவர் வெல்கிறார் என்றால், இரண்டு முறை இடம் மாறிய இந்த வேலை தோற்றிருக்க வேண்டும்.

தோற்கவில்லை. குதிரைகள் நீரைக் கிழித்துக்கொண்டு சதுக்கத்தின் வெறும் தரையை நோக்கிப் பாய்கின்றன. மூக்குத் துளைகளிலிருந்து நீர்ப்புகை சீறுகிறது. தேநீர்க் கடை நாற்காலியில் அமர்ந்திருந்த எனக்கு அது என்னை நோக்கியே வருவதாகப் பட்டது. நெடுநேரம் பார்த்த பிறகு ஒன்று புலப்பட்டது. கரோன் என்ற பெயர் போயிற்று, கடல் போயிற்று. ஆனால் எதிரே ஒரு வெற்றிடம் வேண்டும் என்ற தேவை மட்டும் லியோனிலும் நிறைவேறியிருக்கிறது. இருமுறை இடம் மாற்றியவர்களும் குதிரைகளுக்கு முன்னால் எதையும் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். தேரின் பக்கவாட்டில் போய் நின்றால் விசை பாதியாகக் குறைந்துவிடுகிறது. பின்புறம் பார்க்கவே வேண்டாம். லியோனுக்கு வருகிறவர்கள் நகராட்சிக் கட்டடத்தைப் பார்த்து முடித்த பிறகு, குதிரைகளுக்கு நேர் எதிரே, சதுக்கத்தின் தென்புறத்தில் உள்ள அருங்காட்சியகத்தின் வாயிலருகே நின்று பார்க்கவும்.